வெயில் யாருக்கு, நீர் யாருக்கு?

கண்டி நகருக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலி கங்கை இரு வழிகளாகப் பிரிகின்றது. 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வணையிலிருந்து ஒரு பகுதி நீர், ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளையை அடைந்து, சிறிதளவு மின்சாரம் தந்தபின், வடக்கே உலர்வலயத்துக் குளங்களை நாடிச் செல்கின்றது. எஞ்சிய நீர் விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை ஆகிய நிலையங்களிற் பெருமளவு மின்சாரமாகின்றது. அந்நீரும் பின்னர் மினிப்பே வயல்களுக்குப் பாய்வது உண்மையே. எனினும் கலாவெவ விவசாயிக்கு அதனாற் பயனில்லை. ஆகவே பொல்கொல்லையில் நீரைப் பங்கிடும்போதெல்லாம், விளக்குக்கா நெல்லுக்கா என்ற கேள்விக்கும் விடை கூறப்படுகின்றது.

இக்கேள்வி எத்துணை கொடியது என்பதை 2023ஆம் ஆண்டுச் சிறுபோகத்திற் கண்டோம். உடவளவையிற் பயிர் வாடியது. மின் உற்பத்திக்கெனச் சமனலவெவயில் தேக்கிய நீரைத் திறந்துவிடுமாறு விவசாயிகள் போராட வேண்டியதாயிற்று.

நமது நாட்டிற் பாலைவனம் இல்லை; ஆனால் மாதக்கணக்கில் மழை காணாத வயல்கள் உண்டு. அவற்றைக் காயவைக்கும் அதே வெயில் அவற்றுக்கு நீர் தேடித் தருமா? தரும் என்றே நாம் கருதுகிறோம். பகலிற் சூரியத் தகடுகள் மின்சாரம் தருமாயின், அந்நேரம் மின்னுக்காகத் திறக்கப்படும் அணை நீர் மிஞ்சும். அதனை வடக்கே திருப்பலாம். மாலையிலன்றோ மின்தேவை உச்சமடைகிறது என்பர். நியாயமான ஆட்சேபமே. அச்சில மணி நேரத்துக்கு அணையும் சேமக்கலமும் துணைநிற்கட்டும். வெயிலுக்கோ பஞ்சமில்லை. 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்தபோது, கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனரல்லவா?

எனவே, இது சாத்தியமா என்பதைவிட, மிஞ்சும் நீர் யாருடையது என்பதே நம்முன் நிற்கும் வினா. விஞ்ஞானம் நீரை மிச்சப்படுத்தும். அதை வயலுக்கு அனுப்புவது மனிதர் எடுக்கவேண்டிய முடிவு. முடிவு எடுக்கப்படாவிடின், பகலில் மிஞ்சிய நீர் இரவில் மின்சாரமாக விலைபோகும். கூரையுடையவன் வெயிலை விற்று வருமானம் பெறுவான். லயன் அறையில் வாழும் தொழிலாளிக்குச் சொந்தக் கூரையும் இல்லை. உலர்வலயத்து உழவனுக்கு நீரும் இல்லை.

நீர்மட்டம் தாழும்போது, விக்டோரியாவில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரின் இடிபாடுகள் வெளியே தெரிகின்றன. பொதுநலத்தின் பெயரால் அம்மக்கள் ஊரை இழந்தனர். அந்தத் தியாகத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஒன்றுண்டு: சூரிய சக்தி மிச்சப்படுத்தும் நீரில் ஒரு பங்கு உழவனின் உரிமை எனச் சட்டத்திற் பொறிப்பது. அதுவரை, வெயிலாற் பயிர் செய்வோம் எனும் பேச்சு முழுமை பெறாது.