காற்றை முன்னின்று ஏற்பவர் யார்?

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தின் உப்பளங்களை ஒட்டிச் செல்கிறது. அருகே கடலோரத்தில் எக்கியார்குப்பம் போன்ற மீனவர் ஊர்கள். விடுமுறை நாள்களில் பொழுது புலருமுன்பே இச்சாலையில் மிதிவண்டிகள் விரைகின்றன. தலைக்கவசம் அணிந்து, முதுகை வளைத்து, மூச்சு வாங்க மிதித்துச் செல்வோர் அனைவரும் இளைஞர் அல்லர். நாற்பதையும் ஐம்பதையும் கடந்தவர்கள் பலர். வார நாள்களில் அலுவலகம் செல்பவர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர். இவர்களுக்கு இது தொழிலன்று. ஊதியம் தருவாரும் இல்லை. பின் எதற்காக இத்தனை கடுமையான பயிற்சி?

பரிசுக்காக என்று சொல்ல இயலாது. இவர்களில் பலர் 'பிரவே' எனப்படும் நெடும்பயணங்களுக்காகத் தம்மை ஆயத்தம் செய்கின்றனர். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300-ஐ 20 மணியிலும், 400-ஐ 27 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் கடக்க வேண்டும். இங்கே முதலிடம், இரண்டாமிடம் என்பது கிடையாது. இருபத்தைந்து வயதினருக்கும் அறுபது வயதினருக்கும் ஒரே கால வரம்புதான். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்திலும் இதுவே நெறி. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை அதிக அளவாக 90 மணி நேரத்தில் முடிப்பவர் அனைவரும் வென்றவரே. 2019-லும் 2023-லும் நம் நாட்டினரும் அதில் மிதித்தனர்.

உடல்நலத்திற்காக என்பதும் முழு விடையாகாது. வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. நாளொன்றுக்கு அரைமணி நேர விரைநடையே அதற்குப் போதும். வாரத்திற்குப் பத்து மணி நேரம் மிதிப்பவர், நலத்தின் எல்லையைத் தாண்டி வேறெதையோ தேடுகிறார்.

எதைத் தேடுகிறார்? நடுவயது மனிதனின் உழைப்பு பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாத உழைப்பு. கோப்புகள் நகர்கின்றன, கடன் தவணைகள் கழிகின்றன, பிள்ளைகள் வளர்கின்றனர். இவற்றில் தன் பங்கு எவ்வளவு என்று அவனால் அளந்து காண இயலுவதில்லை. மிதிவண்டியோ ஒளிவு மறைவற்றது. மிதித்தால் நகரும், நிறுத்தினால் சற்று உருண்டு நின்றுவிடும். சென்ற திங்களில் இயலாத தொலைவு இந்தத் திங்களில் இயலுகிறது. தன் சொல்லைத் தானே காக்க முடியும் என்ற உறுதியை அவன் அங்கே மீட்டுக்கொள்கிறான். அதை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளிவிடலாகாது.

முதுமையோடும் அவனுக்கு ஒரு வழக்கு உண்டு. முப்பது வயதுக்குப் பின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைகிறது. பயிற்சி அவ்வீழ்ச்சியைத் தணிக்கும், தடுத்து நிறுத்தாது. 1911-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் ரொபேர் மர்ஷாண், அறுபது வயதைக் கடந்த பின்னரே மிதிவண்டிக்குத் திரும்பினார். 2012-இல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் மிதித்தார். முறையான பயிற்சிக்குப் பின் 2014-இல், 102 வயதில், 26.927 கிலோமீட்டர் கடந்தார். ஆனால் 2017-இல், 105 வயதில், அது 22.547 ஆகக் குறைந்தது. 2021-இல் அவர் மறைந்தார். உடல் நமக்குக் கடனாகத் தரப்பட்டது; நன்கு பேணியவரும் திருப்பித் தந்தே ஆகவேண்டும். கடும்பயிற்சி செய்பவர் இவ்வுண்மையை ஒவ்வொரு மேட்டிலும் கற்கிறார். முதுமையை வெல்வதைவிட, அதனை மாண்போடு ஏற்கப் பழகுவதே பயிற்சியின் மேலான பயன் எனலாம்.

எனினும், இதே சாலையோரத்தில் வேறு உடல்களும் உழைக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளை மூழ்கடிக்கும் வரை, உப்பளத் தொழிலாளர் வெயிலிலும் உவர்நீரிலும் நின்று பலகையால் உப்பை வாரிக் குவிக்கின்றனர். மீனவர் இருட்டிலேயே படகைத் தள்ளுகின்றனர். அவர்களுக்குக் களைப்பு வீடு தேடி வருகிறது. மிதிவண்டிக்காரரோ களைப்பைத் தேடிப் போகிறார். விரும்பிக் களைக்க முடிவதே ஒரு பேறு. ஓய்வும் ஊட்டமும் உள்ளவர்க்கே அது வாய்க்கும். அப்பேற்றைப் பெற்றதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அது பிறருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

அந்தப் பிறர், முதலில் நம் வீட்டில் இருக்கின்றனர். மிதிவண்டி ஓட்டுவோர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. விரைவாகச் செல்பவரின் ஆற்றலில் பெரும்பகுதி எதிர்க்காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. முன்னே செல்பவர் காற்றை ஏற்றுக்கொள்ள, அவரை ஒட்டிப் பின்னே செல்பவர் ஏறத்தாழக் கால் பங்கு ஆற்றலையேனும் மிச்சப்படுத்தலாம். ஆகவே குழுவாகச் செல்வோர் முறை வைத்து முன்னே வருகின்றனர். எப்போதும் பின்னே ஒட்டிக்கொண்டு வருபவரை எக்குழுவும் மதிப்பதில்லை.

கணவர் விடியலில் சாலைக்குச் செல்லும்போது, பிள்ளைகளை எழுப்புவதும், முதிய பெற்றோருக்கு மருந்து கொடுப்பதும், சமைப்பதும் யார்? அவர் திரும்பி வந்து களைத்து உறங்கும்போது வீட்டைக் கவனிப்பவர் யார்? அங்கே எதிர்க்காற்றை முன்னின்று ஏற்பவர் மனைவி. நெடும்பயணங்கள் பலவும் ஞாயிறன்றே அமைகின்றன. குடும்பமாகத் திருப்பலிக்குச் செல்லும் நேரமும் அதுவே. சனி மாலைத் திருப்பலி ஞாயிற்றுக் கடனை நிறைவேற்றும் என்பது உண்மைதான். ஆனால் கோவில் இருக்கையில் தந்தையின் வெற்றிடத்தைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அவ்விளக்கம் போதுமா?

இதற்காக மிதிவண்டியைத் துறக்கச் சொல்வது நம் கருத்தன்று. வடஇத்தாலியின் கிசால்லோ குன்றில் வீற்றிருக்கும் அன்னையை 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டி ஓட்டுநரின் பாதுகாவலியாக அறிவித்தார். புனித பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகையில் ஓட்டப்பந்தயத்தாரின் தன்னடக்கத்தை உவமையாக்கினார். உடலின் உழைப்பைத் திருச்சபை இழிவாகக் கருதியதில்லை.

நாம் வேண்டுவது முறை மாற்றம். ஒரு வாரம் அவர் சாலைக்குச் சென்றால், மறுவாரம் அந்த விடியல் முழுவதும் மனைவிக்கு உரியதாகட்டும். அவர் நடக்கட்டும், படிக்கட்டும், அல்லது வெறுமனே உறங்கட்டும். அவரே மிதிக்க விரும்பினால் வீட்டைக் கணவர் பார்க்கட்டும். பிள்ளையின் தேர்வுக் காலத்திலும் பெற்றோரின் நோய்க் காலத்திலும் மிதிவண்டி சுவரில் சாய்ந்திருக்கட்டும். மர்ஷாணின் வாழ்வு காட்டுவதுபோல் உடல் காத்திருக்கும். அறுபதைக் கடந்தும் தொடங்கலாம். பத்து வயதுப் பிள்ளையோ காத்திருப்பதில்லை. அடுத்த ஆண்டு அதற்குப் பதினொன்று.

இருநூறு கிலோமீட்டர் மிதிக்கும் மன உறுதி ஒருவருக்கு வாய்த்திருக்குமாயின், வீட்டின் எதிர்க்காற்றில் தம் முறை வரும்போது முன்னே செல்லும் உறுதியும் அவரிடம் இருத்தல் வேண்டும். பயிற்சி பயன் தந்ததா என்பதைக் கடிகாரம் பாதியே சொல்லும். மீதியைச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்போம்.