ஊட்டுப்புரையில் ஒரு பந்தி

மங்கலம்பேட்டையிலிருந்து வேன் பிடித்துக் கன்னியாகுமரி பார்க்கப் போனோம். வழியில், தக்கலைக்குப் பக்கத்தில், பத்மநாபபுரம் அரண்மனை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பழைய தரை கெட்டுவிடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே விதிதான். ஆனாலும் பெரியப்பா தயங்கினார். ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர். "இங்கயுமா?" என்றார்.

மார்த்தாண்ட வர்மா காலத்தில் (1729–58) விரிவாக்கிக் கட்டப்பட்ட மர அரண்மனை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறது. அழகுதான், மறுக்கவில்லை.

ஊட்டுப்புரை இரண்டு அடுக்கு. 2000 பேர் உட்காரலாம். பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்ட இடம். அங்கே ஊறுகாய் ஜாடிகள் இருக்கின்றன. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் மண் குழைத்தவர் பெரியப்பா; ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ரெண்டாயிரம் எலை போட்டா, அத்தன நெல்லு எங்கேர்ந்துப்பா வந்திருக்கும்?"

வயலிலிருந்து. அந்த நாட்டில் புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அங்கே அடிமைமுறையை ஒழித்த அறிவிப்பு வந்தது 1855இல். கோயில் கதவு திறக்க 1936 ஆனது.

அப்படியானால் இந்த அழகை நாம் ரசிக்கலாமா? 'இடித்துத் தள்ளணும்' என்கிறார் ஒரு தோழர். 'கலையில் சாதி பார்க்காதே' என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் மேல்தான் கோபம் அதிகம். சாதி பார்த்து இலை போட்ட கூடத்தில் நின்றுகொண்டு நமக்கா இந்தப் புத்திமதி?

ஆனால் முதலாமவரோடும் போக முடியவில்லை. 1927 மார்ச்சில் மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்தைத் தூர்க்கச் சொல்லவில்லை. இறங்கித் தண்ணீர் குடித்தார். டிசம்பரில் எரித்தது மனுநூலை. விலக்கிய சட்டம் வேறு, விலக்கப்பட்ட குளம் வேறு. இந்த மரத்தை மலையிலிருந்து இழுத்த தோளும், பந்திக்கு நெல் விளைத்த கையும் யாருடையவை? இடித்தால் அவர்கள் உழைப்புக்கு இருக்கிற ஒரே சாட்சியும் போகும். அதற்காகச் சும்மா ரசித்துவிட்டு வர முடியுமா? யார் இங்கே சாப்பிட்டார்கள், யார் வாசலுக்கே வர முடியவில்லை என்று ஊட்டுப்புரையிலேயே எழுதி வைக்கக் கேட்போம்.

திரும்பிப் பார்த்தால் பெரியப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கால் வலிக்குதா பெரியப்பா?"

"இல்லப்பா. பந்தியில உக்காந்து பாக்கறன்."