கூறைப்புடவை என்ன விலை?

முகூர்த்த மாதங்களுக்கு முன்னால் விருத்தாசலம் கடைவீதியில் ஏதாவது ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். பாய் விரித்து இரண்டு குடும்பங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். நடுவே பட்டுப்புடவைகள் மலைபோல. நம் பக்கம் பல சமூகங்களில் கூறைப்புடவை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். அதாவது, காசு இவர்களுடையது, பார்வை அவர்களுடையது.

ஒரு மாப்பிள்ளையின் அப்பாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். செராமிக் தொழிற்பேட்டையில் வேலை. கொலு பொம்மையோ ஃபியூஸ் கட்டையோ, சூளையிலிருந்து இறக்கி இறக்கிக் காய்த்துப்போன கை. புடவைக்கென்று அவர் மனசுக்குள் முடிந்து வைத்திருப்பது 8,000 ரூபாய். கடைப்பையன் எடுத்த எடுப்பில் பிரிப்பது 13,000. ‘சும்மா பாருங்கண்ணே, பார்க்கறதுக்குக் காசா?’ என்கிறான். அப்புறம் 8,000 ரூபாய்ப் புடவையும் வருகிறது. பெண்ணின் பெரியம்மா அதன் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ‘ஒன்றும் சொல்லாததற்கு’ விலை 5,000 ரூபாய்.

அந்த 5,000-ஐ மூணு வட்டிக்குப் புரட்டினால் மாசம் 150. ஒரு வருஷம் வட்டி மட்டும் கட்டினால் 1,800. அசல் அப்படியே நிற்கும். புடவையும் பீரோவில் அந்துருண்டை வாசனையோடு அப்படியே இருக்கும்.

‘ஒரு நாள் கட்டப்போற புடவைக்கு இவ்வளவா? இல்லாதவங்களுக்கு எதுக்கு இந்த ஜம்பம்?’ என்று சொல்வது சுலபம். பி.காம். படித்தவன் என்ற முறையில் நானும் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் படிப்பில் ‘பொருளாதாரத்தின் தந்தை’ என்று ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தோமே, ஆடம் ஸ்மித், அவரே வேறு மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 1776-ல் வந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலில் ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறார். லினன் சட்டை இல்லாமல் கிரேக்கர்களும் ரோமானியர்களும் சௌகரியமாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில், மரியாதையான ஒரு கூலித் தொழிலாளி அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான். ஆகவே அதுவும் அத்தியாவசியப் பொருள்தான் என்கிறார்.

விருத்தாசலத்து அப்பா வாங்குவதும் அந்தச் சட்டையைத்தான். அவர் ஜம்பத்துக்காகச் செலவு செய்யவில்லை. தலைகுனியாமல் இருக்கச் செலவு செய்கிறார். இரண்டும் வேறு வேறு.

சரி, இதை அத்தியாவசியமாக ஆக்கியது யார்?

சட்டமா? இல்லை. 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், உற்றார் நண்பர்கள் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலே போதும் என்கிறது. மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். புடவையைப் பற்றிப் பேச்சே இல்லை.

பரம்பரையா? அதுவும் இல்லை. கூறைப்புடவைக்குப் பேர் போன ஊர் மயிலாடுதுறை கூறைநாடு. அங்கே நெய்தது பருத்தியும் பட்டும் கலந்த கட்டம் போட்ட புடவை. முழுப் பட்டும் கை கொள்ளாத ஜரிகையும் இல்லாமலே எத்தனையோ பாட்டிகள் சுமங்கலியாக வாழ்ந்திருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது அந்த இரண்டு விரல்தான். அது நம்முடையது.

1942-ல் அலகாபாத்தில் இந்திராவுக்குக் கல்யாணம். கட்டியிருந்தது, ஜெயிலில் நேரு நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புக் கதர்ப்புடவை. இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதே மாதிரி ஒரு கதர்ப்புடவையைச் சூளைத் தொழிலாளி தன் மருமகளுக்கு எடுத்தால்? ‘பாவம், முடியல போல’ என்போம். புடவை ஒன்றுதான். நேரு மகள் கட்டினால் எளிமை, இந்தப் பெண் கட்டினால் இல்லாமை.

ஆகவே, இல்லாதவரிடம் போய் எளிமையை உபதேசிப்பது அநியாயம். அவரால் அந்த வழக்கத்தை உடைக்க முடியாது. உடைத்தால் அவர் மானம்தான் உடையும். உடைக்கக்கூடியவர் வசதி உள்ளவர். பெரிய மண்டபம் பிடிக்கிற வீட்டுப் பெண் 6,000 ரூபாய்க் கைத்தறியில் மணையில் உட்கார்ந்தால், அடுத்த முகூர்த்தத்தில் அந்த 8,000 ரூபாய்ப் புடவை தலை நிமிர்ந்து நிற்கும். எளிமை என்பது முடிந்தவர்களின் கடமை.

‘அப்படின்னா நெசவாளி வயித்துல அடிக்கிறதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கைத்தறிக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்; அது கூலி. பட்டு என்று சொன்னால் 2004-ல் வந்த சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கலப்பு நூல் புடவை எடுப்பதில் தப்பே இல்லை. அதைப் பட்டு என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

மற்றபடி, அடுத்த கல்யாணத்தில் மணப்பெண்ணைப் பார்க்கும்போது ‘நல்லா இருக்கும்மா, உனக்கு எடுப்பா இருக்கு’ என்று சொல்லுங்கள். ‘எங்க எடுத்தீங்க, எவ்வளவு?’ மட்டும் வேண்டாம். எங்கோ ஒரு அப்பாவுக்கு 5,000 ரூபாய் மிச்சமாகும்.