சிலுவை தீர்ப்பு எழுதாது

ஒருவரைக் கொல்லலாம் என்று ஒரு சமூகம் முடிவெடுக்க எது வேண்டும்? அவர் செய்த வினையா, அவருடைய இயல்பா? பேய்க்கதைகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு இடமே கொடுப்பதில்லை. பேய் என்றால் ஓட்ட வேண்டும், ரத்தக்காட்டேரி என்றால் நெஞ்சில் முளை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்க எழுத்தாளர் லாரல் கே. ஹாமில்டன் 1993இல் ‘கில்ட்டி பிளெஷர்ஸ்’ நாவலோடு தொடங்கிய அனிதா பிளேக் வரிசை இந்த வசதியை முதல் புத்தகத்திலேயே பறித்துவிடுகிறது. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் பிணங்களை எழுப்புவது அனிதாவின் பிழைப்பு. உரிமம் பெற்று ரத்தக்காட்டேரிகளைக் கொல்வது அவளுடைய இன்னொரு வேலை. ஆனால் அவள் வாழும் அமெரிக்காவில், ‘அடிசன் எதிர் கிளார்க்’ என்ற கற்பனை வழக்கின் தீர்ப்பு காட்டேரிகளுக்குச் சட்டப்படி வாழும் உரிமையைத் தந்துவிட்டது. நீதிமன்ற ஆணை இல்லாமல் கொன்றால் அது கொலைக்குற்றம். முதல் நாவலில் யாரோ ஒருவர் காட்டேரிகளை வரிசையாகக் கொன்றுவருகிறார். அது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் காட்டேரிகள் நெருக்குவது, தங்கள் இனத்தைக் கொல்லும் அனிதாவையே. செத்தது காட்டேரி என்றாலும் துப்புத் துலக்கியாக வேண்டும் என்பதைக் கதை முதல் அடியிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அப்படி ஒப்புக்கொண்ட பிறகு இயல்பைக் காட்டித் தண்டிக்க வழியே இல்லை என்பதுதான் என் வாதம். புனிதப் பொருளோ ஆன்மாவோ இந்த விஷயத்தில் கைகொடுக்காது. இந்த வரிசை அதற்கான சான்றுகளை அடுக்குகிறது. முடிவைச் சொல்லத்தான் தயங்குகிறது.

சிலுவையை எடுத்துக்கொள்வோம். ஹாமில்டனின் உலகில் காட்டேரிக்கு எதிரே சிலுவை ஒளிவிடும், அதன் தோலைச் சுடும். ஆனால் பிடித்திருப்பவருக்கு நம்பிக்கை இருந்தால்தான் அது வேலை செய்யும்; இல்லையென்றால் அது வெறும் உலோகத் துண்டு. அதாவது சிலுவை அளப்பது ஏந்தியவரின் விசுவாசத்தை. எதிரே நிற்பவர் நேற்றிரவு என்ன செய்தார் என்பது அதன் கணக்கில் வருவதே இல்லை. கொலைகாரக் காட்டேரியையும் கொல்லாத காட்டேரியையும் அது ஒரே மாதிரி சுடுகிறது. இன்னொரு சங்கதி: இந்தக் கதையுலகில் பிணங்களை எழுப்புபவர்களைக் கத்தோலிக்கத் திருச்சபை விலக்கிவைத்துவிடுகிறது. அப்படி விலக்கப்பட்டு எபிஸ்கோபல் சபைக்குப் போன அனிதாவின் கையிலும் சிலுவை ஒளிவிடத்தான் செய்கிறது. திருச்சபையின் தீர்ப்பும் சிலுவையின் ஒளியும் அங்கேயே முரண்படுகின்றன. இது ஹாமில்டன் புதிதாகக் கண்டதும் அல்ல. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897) வான் ஹெல்சிங், காப்பாற்றும் எண்ணத்தோடுதான், மீனாவின் நெற்றியில் திருவப்பத்தை வைக்கிறார். அது பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் சுட்டு வடுவாகிவிடுகிறது. மீனா செய்த குற்றம் என்ன? டிராகுலா தன் ரத்தத்தை அவள் வாயில் பலவந்தமாகப் புகட்டினான், அவ்வளவுதான். டிராகுலா அழிந்ததும் வடு மறைந்துவிடுகிறது. அவள் எதற்கும் பரிகாரம் செய்ததால் அல்ல. திருவப்பம் காட்டியது தீட்டை மட்டுமே. தீட்டைக் குற்றமாகப் படிப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, ஆன்மா இருக்கிறதா இல்லையா என்று பார்த்து முடிவு செய்யலாமே என்று தோன்றலாம். 1997 முதல் 2003 வரை ஓடிய ‘பஃபி’ தொலைக்காட்சித் தொடர் அந்த வழியில்தான் போயிற்று. காட்டேரியானதும் ஆன்மா போய்விடும், உடலில் குடியிருப்பது ஒரு தீய சக்தி, ஆகவே கொல்வதில் பாவமில்லை என்பது அதன் விதி. அந்த விதியை உடைத்ததும் அதே தொடர்தான். ஆன்மா இல்லாத ஸ்பைக் என்ற காட்டேரி, தனக்கு ஆன்மா வேண்டும் என்று தானே தேடிப்போய்ச் சோதனைகளைத் தாங்கி அதைப் பெறுகிறான். ஆன்மா இல்லாத ஒருவன் நல்லதை விரும்ப முடியும் என்றால், அது இல்லை என்பதைக் காட்டி அவனை எப்படித் தண்டிப்பது? ஹாமில்டனின் இரண்டாம் நாவலான ‘தி லாஃபிங் கார்ப்ஸ்’ (1994) இதை எதிர்ப்பக்கத்திலிருந்து உலுக்குகிறது. டொமிங்கா சால்வடார் என்ற மந்திரக்காரி, இறந்தவர்களின் ஆன்மாவைப் பிடித்து, எழுப்பிய பிணத்துக்குள் திரும்பச் செலுத்துகிறாள். உடல் அழுகாமல் இருந்தால் நல்ல விலைக்குப் போகும் என்பதுதான் காரணம். ஆன்மா ஐயமின்றி இருக்கும் ஜாம்பி விற்பனைச் சரக்காகிறது. ஆன்மா உண்டா என்று யாருக்கும் தெரியாத காட்டேரிக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இந்த முரணை நாவல் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதன் முழு அருவருப்பும் இதிலிருந்துதான் பிறக்கிறது. தத்துவவாதிகளும் ஆன்மாவை நம்பி இந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. புனித அகஸ்டின் ‘கடவுளின் நகரம்’ நூலின் 16ஆம் பகுதியில், விசித்திர உருவம் கொண்ட இனங்களைப் பற்றிய கதைகளை ஆராயும்போது, உருவம் எப்படியிருந்தாலும் பகுத்தறிவும் சாவும் உள்ள உயிர் மனிதனே, ஆதாமின் வழியில் வந்ததே என்று வாதிட்டார். (முளை அடித்தால் சாகிற காட்டேரி இந்த இலக்கணத்துக்குள் வந்துவிடும் என்பது என் குறும்பு.) ஜான் லாக் இன்னும் ஒரு படி மேலே போனார். மனிதப் புரிதல் பற்றிய தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், ‘நபர்’ என்பதையே அவர் ஒரு வழக்குமன்றச் சொல்லாகக் கொண்டார். தான் செய்ததைத் தன்னுடையதாக நினைவில் ஏற்றுப் பொறுப்புச் சொல்லக்கூடியவரே நபர். இந்த அளவுகோலின்படி செயின்ட் லூயிஸ் காட்டேரிகள் எல்லாருமே நபர்கள். அவர்களிடம் கேள்வி கேட்கலாம், பதில் வரும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. ரத்தம் குடிக்காமல் காட்டேரி வாழ முடியாது. தேவையே தீங்காக இருக்கும் உயிரிடம் இயல்பு வேறு, செயல் வேறு என்று பிரித்துப் பேசுவது வெறும் வார்த்தை விளையாட்டு இல்லையா? கதையே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. மனமுவந்து ரத்தம் கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், அதைச் சுற்றி ஒரு தொழிலே நடக்கிறது. தேவை ஒருவரை ஆபத்தானவராக ஆக்கலாம். குற்றவாளியாக ஆக்க ஒரு செயல் வேண்டும். இயல்பு என்பது எப்படி வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இந்த வரிசையில் வரும் ரிச்சர்ட் ஸீமனைப் பாருங்கள். பள்ளியில் அறிவியல் ஆசிரியர், ஓநாய் மனிதர். எந்த ஓநாயும் அவரைக் கடிக்கவில்லை. அந்த நோய் வராமல் தடுக்கப் போட்டுக்கொண்ட ஊசிமருந்து கெட்டிருந்ததால் அவர் அப்படி ஆனார்.

கதை நடக்கும் ஊரும் கவனிக்கத்தக்கது. டிரெட் ஸ்காட் என்ற கறுப்பின அடிமை தம் விடுதலைக்காக 1846இல் வழக்குத் தொடுத்தது இதே செயின்ட் லூயிஸில்தான். 1850இல் அங்கே வென்றார். 1852இல் மிசூரி உச்ச நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானியின் தீர்ப்பு, கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கவே ஸ்காட்டுக்கு உரிமை இல்லை என்றது. அடிமைகளைக் காட்டேரிகளோடு ஒப்பிடுவது இழிவு என்று யாராவது சினந்தால், அந்தச் சினம் நியாயமானதே. ஸ்காட் யாருக்கும் தீங்கு செய்தவரல்லர். ஆனால் நான் ஒப்பிடுவது மனிதர்களை அல்ல, சட்டத்தின் நடைமுறையை. ஒருவர் என்ன செய்தார் என்று விசாரிக்கும் முன்பே, அவர் என்னவாக இருக்கிறார் என்பதை வைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு நடைமுறை சார்ந்தது. பார்வையாலேயே காவலரின் மனத்தை வளைக்கும், கம்பியை முறிக்கும் ஓர் உயிரை எந்தச் சிறையில் அடைப்பது? அதனால்தான் அங்கே காட்டேரிக்குச் சிறையும் இல்லை, முறையான விசாரணையும் இல்லை. நீதிபதி கையெழுத்திட்ட கொலை ஆணை மட்டுமே உண்டு. பின்வரும் நாவல்களில் அனிதா கூட்டாட்சி மார்ஷலாகவே ஆகி, அந்த ஆணைகளோடு அலைகிறாள். தாக்கவரும் காட்டேரியைச் சுடுவது தற்காப்பு. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் இதே வரிசையில், பிடிபட்ட காட்டேரிகளைப் பிணவறைக் கட்டிலில் கட்டி, புனிதப் பொருள்களால் அசையவிடாமல் வைத்து, நெஞ்சில் முளை அடிப்பதும் உண்டு. கொல்வதற்காகக் கட்டிவைக்க முடியும் என்றால், பேச்சைக் கேட்பதற்காகவும் கட்டிவைக்க முடியும். சிறை கட்ட முடியாது என்பது, தண்டனை என்னவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒருவேளை பதிலாகலாம். குற்றம் நடந்ததா, செய்தவர் இவர்தானா என்ற கேள்விக்கு அது பதிலாகாது. ‘அடிசன் எதிர் கிளார்க்’ காட்டேரியை நபர் என்றது. நபருக்குரிய முதல் உரிமையான விளக்கம் சொல்லும் வாய்ப்பை மட்டும் கொடுக்காமல் விட்டுவிட்டது. அனிதாவின் மனச்சாட்சி இதை உணராமல் இல்லை. நாவலுக்கு நாவல் தான் கொல்வதையும் வேட்டையாடப்படுபவர்கள் கொல்வதையும் பிரிக்கும் கோட்டைத் தேடுகிறாள், அது மங்கிக்கொண்டே போகிறது. அவள் கழுத்துச் சிலுவை இன்னும் ஒளிவிடுகிறதே என்று ஆறுதல் சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது அவள் கொலைகளையும் விசாரிப்பதில்லை.

வெறும் பொழுதுபோக்கு நாவலில் இவ்வளவு தேடுவதா என்று சிலர் சிரிக்கலாம். பின்னால் வந்த நாவல்களைப் பொறுத்தவரை அந்தச் சிரிப்பில் உண்மை இருக்கிறது. ‘நார்சிஸஸ் இன் செயின்ஸ்’ (2001) வந்தபோதே காதலும் காமமும் கதையை மொத்தமாக எடுத்துக்கொண்டன. இந்தக் கேள்வி ஓரத்துக்குப் போய்விட்டது. அதைக் கைவிட்டது ஹாமில்டனின் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். தொடக்கத்து நாவல்கள் அப்படியல்ல. முதல் இரண்டையுமாவது படியுங்கள். படிக்கும்போது, கையெழுத்தான ஒவ்வொரு கொலை ஆணையிலும் சாகப்போகிறவரின் வாக்குமூலம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப்பாருங்கள்.