தூய கனியும் மயக்கும் மதுவும்

தூய பொருளைக்கொண்டு தூய வழியாற் செய்யப்பட்டது யாதாயினும் குற்றமற்றதாகுமா என்பது ஆராயத்தக்கதோர் வினாவாம். நாட்டுப்புறத்துத் தோட்டக்காரர் ஒருவர் இரசாயன உரமும் கிருமிநாசினியும் இடாது பழமரங்களை வளர்க்கின்றார். விலைபோகாது அழுகும் கனிகளைப் பிழிந்து சிறிய அளவில் மது ஆக்குகின்றார். ‘இதில் நஞ்சு யாதும் சேர்க்கப்படவில்லை, இயற்கையே செய்தது, இதிற் குற்றம் எங்கே?’ என்று அவர் வினவின், நாம் யாது விடை கூறுவோம்?

அவர் நிலத்தைப் பேணியதும், விளைபொருள் வீணாகாது காத்ததும் புகழத்தக்கனவே. ஆயினும் அப்புகழ் மண்ணுக்கும் மரத்துக்கும் உரியது. சாடியினுள் நிகழ்வது வேறு. மதுவம் என்னும் நுண்ணுயிர், சாற்றிலுள்ள வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. எருவிட்டு வளர்த்த கனியாயினும், இரசாயன உரமிட்டு வளர்த்த கனியாயினும், பிறக்கும் மதுசாரம் ஒன்றே. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1988 ஆம் ஆண்டில் மதுபானங்களைப் புற்றுநோய் விளைப்பனவற்றுள் வைத்தபொழுது, சிறு தோட்டத்து மதுவுக்கு விலக்களிக்கவில்லை.

‘இயற்கை செய்தது’ என்பதும் முழுவிடையாகாது. இயற்கை இருவழியுந் திறந்து வைத்திருக்கின்றது. ஒன்றைத் தெரிபவன் மனிதனே. 1869 இல் அமெரிக்காவிலே தோமஸ் வெல்ச் என்னும் பல்வைத்தியர், திராட்சைச் சாற்றைப் போத்தலில் அடைத்துச் சூடாக்கி, அது நொதியாது வைக்கும் வழி கண்டார். யாழ்ப்பாணத்தாருக்கு இத்தகைய காப்பு புதுமையன்று. பனம்பாளையிலிருந்து சொட்டும் நீர் சுண்ணாம்பு பூசிய முட்டியில் விழின் கருப்பநீர். பூசாத முட்டியில் விழின் கள். மரமும் ஒன்று, ஏறும் கால்களும் ஒன்று. இடையே நிற்பது சிறிது சுண்ணாம்பே. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்திற் கடிந்ததும் மரத்தையன்று, அறிவு மயங்குதலையே.

அங்ஙனமாயின் குற்றம் முழுவதும் மரமேறுபவருடையதா? ஈண்டு நாம் நம்மையே வினவுதல் வேண்டும். கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்க விறகும் நெடுநேர உழைப்பும் வேண்டும். கள்ளோ காய்ச்சாமலே விலைபோகும். கள்ளை இகழும் நாம் பனங்கட்டியை விடுத்துச் சீனியையே வாங்கின், ‘சுண்ணாம்பு பூசாதே’ என்று அவருக்குச் சொல்லாமற் சொல்லியவராகின்றோம். பழச்சாற்றை வாங்குவாரின்றி மது ஆக்கும் தோட்டக்காரர் திறத்தும் இதுவே நியாயம்.

அன்றியும், கள்ளைக் கடிதல் என்னும் பெயரால் மனிதரைக் கடிந்த பழியும் நம்மவர்க்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகள் பலவற்றில் அத்தொழிலாளரின் பிள்ளைகள் வாங்கில் இருக்க விடப்படாது நிலத்தில் இருத்தப்பட்டனர். குடித்தவருக்கு வாங்கு கிடைத்தது. இறக்கியவரின் பிள்ளைக்கு நிலமே கிடைத்தது. இஃது அறமாகுமா?

ஆதலால் ஆசிரியர்களே, மதுவின் தீமையை நாம் ஒளியாது படிப்பிப்போம். ஆயின் வகுப்பிலுள்ள எப்பிள்ளையும் தன் தந்தையின் தொழிலை எண்ணித் தலைகுனியும்படி படிப்பியாதிருப்போம். சுண்ணாம்பின் செயலை விஞ்ஞான பாடத்தில் விளக்குவோம். நம் வீட்டுத் தேநீருக்குப் பனங்கட்டியை வாங்குவோம். மதுவிலக்கைப் போதிப்பவர் கையிலுள்ள பனங்கட்டிக் குட்டானும் அப்போதனையின் ஒரு பகுதியேயாம்.