நினைவில்லாத வலி

சத்திரசிகிச்சையில் பட்ட வலி பின்னர் நினைவில் இல்லையென்றால், அந்த வலி இருந்ததா?

தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை ஏற்றுமுன் முன்கையில் காற்றுப்பட்டியை இறுக்கினால், அந்தக் கை மட்டும் அசையும். 1977 இல் வந்த முறை இது. 2023 இல் வெளியான ஆய்வொன்றில், மயக்கத்திலிருந்த 338 இளவயதினரிடம் கையை அழுத்தச் சொன்னபோது 37 பேர் அழுத்தினர். சிலர் வலிக்கிறது என்றும் உணர்த்தினர். இப்படி அழுத்துவோரில் பெரும்பாலானோருக்கு விழித்தபின் எதுவும் நினைவிருப்பதில்லை.

"நினைவில்லையே, பிறகென்ன?" என்பார்கள். வோபர்னில் வாழும் நம்மவருக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. அகதி விசாரணையில் திகதியை மறந்தவனின் வலியும் இப்படித்தான் சந்தேகிக்கப்பட்டது.

நினைவு வலிக்குச் சாட்சி, அதுவே வலியல்ல. கை அழுத்திய கணத்தில் அங்கே ஒரு மனிதர் நொந்துகொண்டிருந்தார். நாளை மறந்துவிடுவார் என்பதற்காக இன்று அவரை நோகவிட முடியாது.