சொல்ல முடியாத வீடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, ரோமியோ ஜூலியட் சாவுக்கு யார் காரணம்? ஒரே ஒரு ஆள் பேர்தான் எழுதணுமாம். எல்லாரும்னு எழுதினா மார்க் கிடையாதுன்னு மிஸ் சொல்லிட்டாங்க."

நல்ல ஆசிரியை. 'எல்லாரும்' என்பது பதில் போலத் தெரியும், ஆனால் பதிலிலிருந்து நழுவும் வழி அது. எல்லாருக்கும் பொதுவான குற்றம் ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி. தூர்வார ஒருவரும் வர மாட்டார்கள்.

இருவரும் உட்கார்ந்து கணக்கெடுத்தோம். இறந்தவர்கள் ஆறு பேர். மெர்குஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், மகன் ரோமியோ நாடு கடத்தப்பட்ட துக்கத்தில் உயிரை விட்ட மாண்டேகுவின் மனைவி. பகை கொண்ட மாண்டேகு, கபுலெட் வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை காலைத் தெருச்சண்டையில் தொடங்கும் கதை, ஒரு வாரம் ஆவதற்குள் கல்லறையில் வந்து நிற்கிறது. ஜூலியட்டுக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிறையவில்லை. "என்னைவிட மூணு வயசு சின்னப் பொண்ணுப்பா" என்றாள் மகள்.

முதல் சந்தேகம் வழக்கம்போலக் காதலர்கள் மேல்தான். ஞாயிறு இரவு விருந்தில் பார்த்தார்கள், திங்கள் பகலில் மணம் முடித்துக்கொண்டார்கள். அவசரம்தான். ஆனால் அவசரக் கல்யாணம் பெரும்பாலும் சண்டையில் முடியும், சச்சரவில் முடியும். ஊரே கூடிப் பிணங்களை எண்ணும்படி முடிவதற்கு இன்னும் ஏதோ சேர வேண்டும்.

அடுத்து விதி. ஜூலியட் செத்ததுபோல நாற்பத்திரண்டு மணி நேரம் மயங்கிக் கிடப்பாள், அதற்குள் வந்து அழைத்துப் போ என்று லாரன்ஸ் பாதிரியார் எழுதிய கடிதம் நாடு கடத்தப்பட்டு மாண்டுவாவில் இருந்த ரோமியோவுக்குப் போய்ச் சேரவில்லை. எடுத்துப் போன ஜான் பாதிரியார், தன்னோடு துணைக்கு வர இன்னொரு துறவியைத் தேடிப் போகிறார். அந்தத் துறவி நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். இருவரும் கொள்ளைநோய் புகுந்த வீட்டில் இருந்தவர்கள் என்று சந்தேகப்பட்டு, நகரக் காவலர்கள் கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறார்கள். தொற்றுக்குப் பயந்து அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை. விதி என்று சொல்லலாம். ஆனால் கடிதம் தொலைந்ததுதான் விதியின் வேலை. ஒரு பெண்ணின் உயிரை ஒற்றைக் கடிதத்தில் தொங்க விட்டது மனிதர்களின் வேலை.

இந்த வழக்குக்கு ஷேக்ஸ்பியருக்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. இத்தாலியில் பிறந்த இந்தக் கதையை ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக வெளியிட்டார். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்தது பெரும்பாலும் அங்கிருந்துதான். பெற்றோர் சொல்லைக் கேட்காத பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று முன்னுரையிலேயே புரூக் சொல்லிவிடுகிறார். முடிவில் விசாரணையும் நடக்கிறது. கல்யாணத்தை மறைத்ததற்காக ஜூலியட்டின் செவிலித்தாய் ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறாள். விஷம் விற்ற மருந்துக் கடைக்காரன் தூக்கில் போடப்படுகிறான். பாதிரியாருக்கு மன்னிப்பு. அவர் தனிமையில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து முடிகிறார். இரண்டு பெரிய வீட்டுத் தலைவர்களுக்கும் தண்டனை எதுவும் இல்லை. மேட்டில் பெய்த மழை பள்ளத்தில் போய்த் தேங்குகிற மாதிரி, பழியும் இளைத்தவன் வாசலில் போய் நிற்கிறது.

1597இல் முதன்முதலாக அச்சேறிய தன் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் இந்தத் தீர்ப்பை எடுத்துவிட்டார். சிலருக்கு மன்னிப்பு உண்டு, சிலருக்குத் தண்டனை உண்டு என்று வெரோனா இளவரசர் சொல்வதோடு சரி, பெயர் சொல்வதில்லை. அதற்குப் பதில் அந்த மருந்துக் கடைக்காரனை நம் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார். எலும்பும் தோலுமான ஆள். கடையில் ஒரு ஆமை ஓடும் பாடம் செய்த முதலையும் தொங்குகின்றன. அலமாரியில் காலிப் பெட்டிகள். விஷம் விற்றால் மாண்டுவாவில் மரண தண்டனை. ஜூலியட் செத்துவிட்டாள் என்று நம்பிய ரோமியோ நாற்பது பொற்காசுகளை நீட்டுகிறான். மனம் ஒப்பவில்லை, வறுமைதான் ஒப்புகிறது என்று சொல்லிவிட்டு அவன் புட்டியை எடுத்துக் கொடுக்கிறான். நீ எனக்கு விற்றதைவிடக் கொடிய விஷத்தை நான்தான் உனக்கு விற்றேன் என்று ரோமியோ காசைக் காட்டுகிறான். இதைப் பார்த்த பிறகு அவனைத் தூக்கில் போட யாருக்குக் கை வரும்?

மகள் அவன் பெயரை அடித்தாள். "அப்போ பாதிரியார்?"

பாதிரியார்தான் ஆசிரியர்கள் விரும்பும் பதில். ரகசியக் கல்யாணம் செய்து வைத்தது அவர், மயக்க மருந்து கொடுத்தது அவர், கடைசியில் கல்லறைக்கு வெளியே ஆள் அரவம் கேட்டதும் பயந்து ஜூலியட்டைத் தனியே விட்டு ஓடியதும் அவர்தான். ஆனால் எனக்கு அவரிடம் கேட்க வேறு ஒரு கேள்வி இருக்கிறது. பெண் கேட்டு வந்த பாரிஸுக்கும் ஜூலியட்டுக்கும் கல்யாண நாள் குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், மூலிகைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஜூலியட்டின் தந்தை கபுலெட் வீட்டுக்கு நடந்து போய், "உங்கள் பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டது. செய்து வைத்தவன் நான்" என்று ஏன் சொல்லவில்லை? அந்த ஒரு வாக்கியம் போதும். பாரிஸ் விலகியிருப்பான். மயக்க மருந்துக்கும் கடிதத்துக்கும் வேலையே இருந்திருக்காது. செவிலிக்கும் அந்த வாக்கியம் தெரியும். ஜூலியட்டுக்கும் தெரியும். மூன்று பேர் வாயில் இருந்தும் அது வெளியே வரவில்லை.

இந்த ஒரு வாக்கியத்துக்கென்றே நம் அகப்பொருள் மரபில் ஒரு துறை வைத்திருக்கிறார்கள். அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் சொல்வாள், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். வேற்றார் பெண் கேட்டு வரும் வேளை, அதாவது நொதுமலர் வரைவு, இப்படிச் சொல்லியே ஆக வேண்டிய வேளைகளில் ஒன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்கவும் தோழி செவிலியிடம் அறத்தொடு நிற்கும் பேச்சுதான். காதலை ஒளித்து வைக்கும் களவுக்கு எவ்வளவு இடம் உண்டோ, அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்க்கும் சொல்லுக்கும் அவ்வளவு இடம் உண்டு. உண்மையைச் சொல்வதை அறம் என்றே அழைத்தார்கள். கதை நடக்கும் வெரோனாவில் களவு இருந்தது, செவிலி இருந்தாள், நொதுமலர் வரைவும் வந்தது. அறத்தொடு நிற்க ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை, மூன்றாம் அங்கத்தில் வரும் ஒரு காலைப்பொழுதில் இருக்கிறது. ரோமியோ ஜன்னல் வழியே இறங்கிப் போய்ச் சிறிது நேரம்தான் ஆகிறது. வியாழக்கிழமை பாரிஸோடு கல்யாணம் என்று தாய் வந்து சொல்கிறாள். மாட்டேன் என்கிறாள் ஜூலியட். அப்போது தந்தை உள்ளே வருகிறார்.

கபுலெட்டைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சில நாட்களுக்கு முன் இதே பாரிஸ் பெண் கேட்டபோது, இரண்டு கோடை போகட்டும், அவள் மனம் எப்படியோ அப்படித்தான் என் சம்மதமும் என்று சொன்ன தந்தை. மற்ற பிள்ளைகளையெல்லாம் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இவள் ஒருத்தியை வைத்திருப்பவர். விருந்தில் ரோமியோவை அடையாளம் கண்டு உறவினன் டிபால்ட் பாய்ந்தபோது, அவன் நல்ல பையன், ஊரே அவனை மெச்சுகிறது என்று தடுத்ததும் அவர்தான். மருமகனைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் பெரிய கொடுமை.

அந்தக் காலையில் அந்த மனிதரைக் காணோம். வாயில் வந்த வசவெல்லாம் மகள் மேல் விழுகிறது. விரல்கள் அரிக்கின்றன என்கிறார். வியாழக்கிழமை தேவாலயத்துக்கு வராவிட்டால் கட்டி இழுத்துப் போவேன், தூக்கில் தொங்கு, பிச்சை எடு, பட்டினி கிட, தெருவில் சாவு என்கிறார். மண்டியிட்டு அழும் பெண்ணின் ஒரு வார்த்தையைக்கூடக் கேட்கவில்லை. செவிலி முதலில் அவளுக்காகப் பேசத்தான் செய்கிறாள். வாயை மூடு என்று விரட்டப்படுகிறாள். தாய், உன்னோடு எனக்கு இனிப் பேச்சில்லை என்று போய்விடுகிறாள். எல்லாரும் போன பிறகு அழுகிற பெண் செவிலியிடம் ஆறுதல் கேட்கிறாள். சற்று முன் வாயடைக்கப்பட்ட அதே செவிலி, பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். ஒரு கோபம் ஒரு வீட்டில் மூன்று கதவுகளைச் சாத்திவிட்டது. நான்காவது கதவு பாதிரியாரின் அறை. அங்கே இருந்தது மயக்க மருந்து.

இதைவிட என்னை உலுக்குவது அதற்குப் பின் நடப்பது. மருந்துப் புட்டியோடு திரும்பி வரும் ஜூலியட், தந்தை காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். முழுப் பொய். கபுலெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வியாழன் எதற்கு, நாளைக்கே கல்யாணம் என்று ஒரு நாள் முன்னுக்கு இழுக்கிறார். அந்தப் பெண்ணின் பாதி உண்மைக்கு அந்த வீட்டில் கிடைத்தது வசவு, முழுப் பொய்க்குக் கிடைத்தது கொண்டாட்டம். ஒரு குழந்தை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? அந்தச் சந்தோஷம் பறித்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால், கடிதம் போகவில்லை என்பது பாதிரியாருக்கு நேரத்தோடு தெரிந்திருக்கும்.

இங்கே நான் பேச்சை நிறுத்திவிட்டேன். ஞாபகம் வேறு பக்கம் போனது. போன மாதம் அடுக்களை மேல்தட்டில் எதையோ தேடியபோது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் மகளின் இயற்பியல் தேர்வுத்தாள் கிடைத்தது. எழுபதுக்கு இருபத்தொன்று. பெற்றோர் கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மாவின் கையெழுத்து. "எனக்கு ஏன் சொல்லலை?" என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். எங்களுக்கு என்றாள். அந்த 'எங்களுக்கு'க்குள் நான் இல்லை.

அன்று நான் மறைத்தவர்கள் மேல்தான் கோபப்பட்டேன். புரூக்கும் அதைத்தான் செய்தார், செவிலியைத் துரத்தினார். ஒரு வீட்டில் ஒருவரின் கோபம் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால், மற்றவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு பின்வழியில் நடக்கப் பழகிவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் நடக்கிறார்கள். செவிலியும் பாதிரியாரும் அப்படி நடந்தவர்கள்தான். பெரும்பாலும் அந்தப் பின்வழியில் நடந்தால் ஒரு தேர்வுத்தாள் ஒளியும், கொஞ்சம் காசு மறையும். எப்போதாவது ஒரு முறை அது கல்லறைக்குப் போகும். எது எப்போது எங்கே போகும் என்று நடக்கும்போது தெரியாது.

கடைசிக் காட்சியில் தந்தைமார் இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள். ஜூலியட்டுக்குப் பொன்னால் சிலை வைக்கிறேன் என்கிறார் மாண்டேகு. ரோமியோவுக்கும் அதற்குக் குறையாமல் வைக்கிறேன் என்கிறார் கபுலெட். பாரிஸும் மெர்குஷியோவும் இளவரசரின் உறவினர்கள். உங்கள் பகையைக் கண்டும் காணாமல் இருந்ததற்கு நானும் இருவரை இழந்தேன் என்று இளவரசர் தன் பங்கை ஒப்புக்கொள்கிறார். அந்தக் காலையில் நான் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம் என்று கபுலெட் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. சிலைக்குப் பொன் தர முடிந்தது.

இன்றைய வெரோனாவில் ஜூலியட்டின் வீடு என்று ஒரு முற்றத்தைக் காட்டுகிறார்கள். அங்கே நிற்பது வெண்கலச் சிலை. மேலே தெரியும் மாடம் இருபதாம் நூற்றாண்டில் சேர்த்தது. உலகமெங்கிலுமிருந்து ஜூலியட் பெயருக்குக் கடிதங்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அந்த ஊருக்கு வருகின்றன. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள். வீட்டில் எவரிடமும் சொல்ல முடியாததை, தன் வீட்டில் எவரிடமும் சொல்ல முடியாமல் செத்த பெண்ணுக்கு எழுதுகிறார்கள்.

பொறுப்பு என்றால் செய்த கையைத் தேடுவது என்றே நினைத்திருந்தேன். கத்தி யார் கையில், புட்டி யார் கையில் என்று. கேட்காத காதுக்கும் பொறுப்பு உண்டு. பொய்யில் பாதி சொன்னவனுடையது. உண்மை சொல்ல அஞ்சும்படி நடந்துகொண்டவனுடையது மறுபாதி. பாசம் இருக்கிறதா என்பதில் சந்தேகமே வேண்டாம், கபுலெட்டுக்கு இருந்த பாசத்துக்குக் குறைவே இல்லை. கெட்ட செய்தியோடு பிள்ளை நம்மைத் தேடி வருகிறதா, நம்மைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்பதில்தான் அந்தப் பாசத்தின் மதிப்பு தெரியும்.

இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் எழுதி முடித்துவிட்டாள். நோட்டை மூடும் முன் எட்டிப் பார்த்தேன். 'ஜூலியட்டின் அப்பா' என்று எழுதி, கீழே காரணமும் எழுதியிருந்தாள்: 'அவர் நல்லவர். ஆனால் அவரிடம் சொல்ல முடியாது.'

என் பக்கம் அவள் பார்க்கவில்லை.